ஒட்டாதது

புன்டா அரேனாஸில் வெயில் சுடாது.
அதுதான் சிக்கல்.
ஜனவரியிலும் ஸ்வெட்டர்.
காற்று குடையைப் பிடுங்கி நீரிணையில் போடும்.
ஆள் பறந்துவிடாமலிருக்க
மூலைக்கு மூலை கயிறு கட்டி வைப்பார்கள்.
இப்படிக் குளிர்கிற ஊரில்
மேலே ஓசோன் நைந்து கிடக்கிறது,
சூரியன் சத்தமில்லாமல் தோலைத் தின்கிறது என்றால்
யார் நம்புவது?

நான் நம்பினேன்.
மூக்கின் இடப்புறத்திலிருந்து
ஒரு பருப்பளவு எதையோ
டாக்டர் பர்ரியா வெட்டி எடுத்த அன்று.
மூன்று தையல்.
காலையில் ஒருமுறை,
பிறகு இரண்டு மணிக்கொருமுறை
என்று சீட்டில் எழுதினார்.
சாகும்வரை என்பதை வாயால் சொன்னார்.

அந்த முதல் டியூப்,
சுவருக்குப் பட்டி பார்க்கிற மாதிரி.
தேய்த்தால் பரவாது,
பரவினால் போகாது,
புருவத்தில் வெள்ளையாய்க் குடியிருக்கும்.
கதவைத் திறந்தால் போதும்
தெருப்புழுதியை எல்லாம் காற்று
விலாசம் பார்த்து
என் முகத்தில் கொண்டுவந்து சேர்க்கும்.
நான் தபால்காரி.
அது என் வேலை.

முடி கன்னத்தில் ஒட்டும்.
முடியை விலக்கிய விரல்
அடுத்த கவரில் பதியும்.
ஹோர்தென்சியா மிஹோவிலோவிச்
கவரை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்:
"எடெல்மிரா, என் பென்ஷன் கடிதத்தின்மேல் வைத்தா
எம்பனாடா தின்றாய்?"
என் கட்டைவிரல் ரேகை,
எண்ணெயில்,
ஒளி ஊடுருவ.
திருடனுக்குக்கூட
அவ்வளவு தெளிவாய் விழுந்திருக்காது.

திங்கள் பூசினேன்.
செவ்வாய் பூசினேன்.
புதன் மழை, விட்டேன்.
வியாழன், புதனைப் பார்த்து விட்டேன்.
மெழுகுவர்த்தியை முத்தமிடுகிற மாதிரி இருக்கிறது
என்றான் எவாரிஸ்தோ.
அதையும் ஒரு காரணமாக
எடுத்து வைத்துக்கொண்டேன்.

"பூசுகிறீர்களா?"
"பூசுகிறேன், டாக்டர்."
டியூபை வாங்கி உள்ளங்கையில் எடை பார்த்தார்
நண்டு வாங்குகிறவர் மாதிரி.
நான்கு மாதமாகியும் அது கொழுத்தே இருந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
என் காதுமடல்தான் சிவந்தது,
சூரியனில்லாமல்.

சோம்பேறி, சோம்பேறி என்று
என்னை நானே திட்டிக் கழித்த குளிர்காலம் அது.
பத்தொன்பது வருஷம்
பனியிலும் தபால் தவறாதவள்
ஒரு களிம்பிடமா தோற்பாள்?

செப்டம்பரில்
மருந்துக்கடைக்கு ரிஜிஸ்டர் தபால்.
கையெழுத்துப் போட்டுக்கொண்டே யெர்கோ
ஒரு சாம்பிள் புட்டியை என் பக்கம் தள்ளினான்.
அக்கறையெல்லாம் இல்லை,
மேசையில் அவனுக்கு இடம் வேண்டியிருந்தது.

குலுக்கினால்
உள்ளே ஒரு குண்டு கிலுகிலுத்தது.
தண்ணீர்.
நெற்றியில் வைத்தேன், காணோம்.
பூசினேனா என்று
கண்ணாடியைக் கேட்க வேண்டியிருந்தது.
ஒரு பூட்ஸின் கயிற்றைக் கட்டி
அடுத்ததற்குக் குனிவதற்குள்
முகம் என் முகமாகிவிட்டது.

இவ்வளவு லேசானது எதைக் காக்கும்?
கசந்தால்தான் மருந்து என்று வளர்ந்த நாக்கு எனக்கு.
டாக்டர் இரண்டு லேபிளையும் பார்த்தார்.
ஒரே எண்.
"பூசினால்தான் அது எண்" என்றார்.

விலை இரண்டு மடங்கு.
எவாரிஸ்தோ முகம் சுளித்தான்.
ஒரு ஞாயிறு விடியலில்,
அவன் படகுக்குக் கிளம்புகிற நேரம்,
குளியலறையிலிருந்து கிலுகிலு.
நான் தூங்குகிறவள் மாதிரி படுத்திருந்தேன்.

ஒட்டுகிற பசையோடு எனக்கு ஒட்டவில்லை.
ஒட்டாததுதான் ஒட்டிக்கொண்டது.
கயிறு கட்டிய மூலையில்
ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி
மறு கையால் பூசிக்கொள்கிறேன்,
பத்து மணிக்கு, பன்னிரண்டுக்கு.
சில நாள் இரண்டு மணியை மறக்கிறேன்.
இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இன்று புட்டியில்
வெறும் குண்டின் சத்தம்.
தலைகீழாய் நிறுத்தி, தட்டி,
கடைசிச் சொட்டு மூக்கின் இடப்புறத்துக்கு.

பழைய டியூப் தபால் பையின் அடியில் கிடக்கிறது.
ஹோர்தென்சியாவின் தபால்பெட்டி மூடி
வருஷக்கணக்காய்க் கிறீச்சிட்டது.
கீலில் ஒரு விரல் தடவி வைத்தேன்.
மூன்று மாதமாகிறது,
இன்னும் காயவில்லை.